கப்பலில் போனவர்

2016ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. கொடிகாமம் சந்தைக்கு அப்பால், உறவினர் வீட்டு விறாந்தையில் இருந்தோம். அந்த வீட்டுப் பெண் அவுஸ்திரேலியாவிலே கலியாணம் முடித்து, முதன்முறையாகக் கணவனை ஊருக்கு அழைத்து வந்திருந்தாள். இருபத்துநான்கு வருட இடைவெளிக்குப் பின் 2014இல் மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதத்தில் கொழும்பிலிருந்து நேரே கொடிகாமம் நிலையத்தில் வந்திறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைக்காரர்; தஸ்மேனியாத் தீவிலே பிறந்தவர். வீட்டுக்கு மூத்தவர் ஆச்சி. வயது தொண்ணூறு. காது கொஞ்சம் மந்தம், மற்றதெல்லாம் கூர்மை. மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, எமது ஊரில் எந்த மாப்பிள்ளையும் தப்பமுடியாத அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தம்பி, மருமோன்ர ஆக்கள் ஆதியிலை எந்த ஊர் ஆக்களாம்? ஒருக்காக் கேள்."

ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. கைப்பையைத் திறந்து ஒரு தாளின் பிரதியை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் இங்கிலாந்தில் ஒரு செம்மறியாட்டைத் திருடிப் பிடிபட்டவராம். மரணதண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டவராம். அந்த மனிதரின் உயரம், கண்ணின் நிறம், தலைமயிரின் நிறம், கையில் குத்தியிருந்த பச்சை, பல்லிலே ஒன்று இல்லாதது, எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட பிள்ளையின் பெறுபேற்றைக் காட்டும் தகப்பனைப்போல அதை அவர் காட்டிக்கொண்டிருந்தார்.

நான் தடுமாறிப்போனேன். ஆச்சி காத்திருந்தார்.

"ஆச்சி, அவை கப்பலிலை வந்த ஆக்களாம்" என்றேன்.

"ஓ, யாவாரம் செய்த ஆக்கள் போலை. நல்லது, நல்லது" என்றார் ஆச்சி.

நான் சொன்னது பொய்யல்ல. மொழிபெயர்ப்பும் அல்ல. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிரவு நித்திரை வராமல் யோசித்தேன். யாழ்ப்பாணத்து வம்சாவளிக் கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். யாரோ ஒரு முதலியார், யாரோ ஒரு மணியகாரர், சோழநாட்டிலிருந்து பரிவாரத்தோடு வந்த யாரோ ஒரு பிரபு என்றுதான் அவை ஆரம்பிக்கும். அந்த முதலியார்களுக்குப் பல்லக்குச் சுமந்தவர்களும், வயலில் மாரடித்தவர்களும், களவெடுத்து மறியலுக்குப் போனவர்களும் பிள்ளை பெறாமலே செத்துப் போனார்களோ? ஊரிலே பாதிப்பேர் அவர்களுடைய வழித்தோன்றல்களாகத்தானே இருக்கவேண்டும்.

மாப்பிள்ளையின் பெருமைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

இங்கிலாந்து தன் குற்றவாளிகளை முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கே அனுப்பி வந்தது. 1775இல் அமெரிக்கச் சுதந்திரப் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பின. பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களைத் தேம்ஸ் நதியில் நிறுத்தி, அவற்றுக்குள்ளே கைதிகளை அடைத்தார்கள். 1787 மே மாதம் போர்ட்ஸ்மவுத் துறையிலிருந்து பதினொரு கப்பல்கள் புறப்பட்டன. 1788 சனவரி 26இல் அவை சிட்னிக் குடாவில் நங்கூரமிட்டன. 1868 சனவரியில் கடைசிக் கைதிக் கப்பல் மேற்கு அவுஸ்திரேலியாவை அடையும்வரை, எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 162,000 பேர் இவ்வாறு கொண்டுசெல்லப்பட்டார்கள். ஏழு வருடம், பதினான்கு வருடம், ஆயுட்காலம் என்று தண்டனை. பெரும்பாலானோர் செய்த குற்றம் களவு. துணி, கோழி, கரண்டி, ஆடு. ஏழு வருடம் என்பது பெயருக்குத்தான். தண்டனை முடிந்தாலும் திரும்பிவரக் கப்பற்காசு கொடுப்பார் யார்?

அங்கே பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதைப் பற்றிப் பேசவில்லை. "கைதிக்கறை" என்றே அதற்குப் பெயர். அதிகமான கைதிகளைப் பெற்ற தீவுகளில் ஒன்று வான் டீமன் நிலம். ஒல்லாந்தக் கம்பனியின் பத்தாவியத் தேசாதிபதியாயிருந்த வான் டீமனின் பெயரால், 1642இல் தஸ்மன் என்ற மாலுமி அதற்கு இட்ட பெயர் அது. (அதே வான் டீமனின் ஆட்சிக் காலத்தில்தான் ஒல்லாந்தர் இலங்கையில் மட்டக்களப்பையும் காலியையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். உலகம் அவ்வளவு சின்னது.) கைதிகளின் வருகை 1853இல் நின்றது. 1856இல் தீவின் பெயரையே தஸ்மேனியா என்று மாற்றிக்கொண்டார்கள். குடும்பத்தில் பெயரை மறைப்பதுபோல ஒரு நாடே தன் பெயரை மறைத்தது.

ஆனால் பதிவேடுகளை அழித்துவிட முடியவில்லை. சிறை அதிகாரிக்கு ஒரு பயம் உண்டு: கைதி ஓடிவிட்டால் அடையாளம் காண்பது எப்படி? அதற்காகத் தலையிலிருந்து கால்வரை எழுதிவைத்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிராமத்தில் நேர்மையாக உழுது, நேர்மையாகச் செத்த ஒருவனின் கண் என்ன நிறம் என்று இன்று எவருக்கும் தெரியாது. ஆடு திருடியவனின் கண் என்ன நிறம் என்று தெரியும். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியர் தம் வேர்களைத் தேடத் தொடங்கியபோது இந்தப் பேரேடுகளே கைகொடுத்தன. 1988இல் குடியேற்றத்தின் இருநூறாவது ஆண்டு வந்தபோது, மறைத்த பெயர்களைத் தேடிப் பிடித்துச் சட்டம்போட்டு மாட்டுமளவுக்கு நிலைமை மாறிவிட்டிருந்தது. 2007இல் யுனெஸ்கோ நிறுவனம் அந்தக் கைதிப் பதிவுகளை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது.

இது வெள்ளைக்காரர் கதைதானே என்று நேயர்கள் எண்ணக்கூடும். அப்படியல்ல. இலங்கையிலிருந்தும் ஒரு கைதி சிட்னிக்குப் போனார், மாப்பிள்ளை கொடிகாமத்தில் வந்திறங்கியதற்குச் சரியாக இருநூறு வருடங்களுக்கு முன், 1816இல்.

அவர் ஒரு மலாயர். பிரித்தானியர் இலங்கையில் வைத்திருந்த மலாயர் படையில் மேளக்காரர் தலைவர். ஆங்கிலேயர் எழுதிவைத்த பெயர் வில்லியம் ஓடீன். 1803இல் பிரித்தானியர் கண்டியைப் பிடித்து, அங்கே ஒரு சிறு படையை நிறுத்தினர். காய்ச்சலிலும் பசியிலும் நலிந்துபோன அப்படை யூன் மாதம் கண்டியரிடம் சரணடைந்தது. வெள்ளைச் சிப்பாய்கள் மகாவலி ஆற்றருகே கொல்லப்பட்டனர். மலாயருக்கு மட்டும் ஒரு வழி திறந்திருந்தது: ஸ்ரீ விக்கிரமராசசிங்கனின் சேவையில் சேரலாம். நூர்தீன் என்ற மலாயத் தளபதி அதற்கு மறுத்தார், கொல்லப்பட்டார். ஓடீன் உயிரோடு கண்டியில் தங்கிவிட்டார். 1815இல் கண்டி வீழ்ந்ததும் பிரித்தானியரின் கையில் அகப்பட்டார். படையைவிட்டு எதிரியோடு சேர்ந்தவர் என்பது குற்றச்சாட்டு. இராணுவ நீதிமன்றம் விதித்த மரணதண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட்டது.

இந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பரிதாபமே மேலிடுகிறது. மறுத்திருந்தால் நூர்தீனுக்கு நேர்ந்த கதி. இணங்கியதால் பன்னிரண்டு வருடம் கழித்துத் துரோகி. இரண்டு படைகளுக்கு நடுவே அகப்பட்ட மனிதர்களை எமது தலைமுறை நிறையவே கண்டிருக்கிறது. ஆகவே அவரை நியாயந்தீர்க்க என் நா எழவில்லை. இன்னொன்றும் உண்டு. ஒல்லாந்தர் சாவகத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்த மலாயரிலே சிப்பாய்களோடு, நாடுகடத்தப்பட்ட அரசகுமாரர்களும் கைதிகளும் கலந்திருந்தனர். அந்தச் சமூகத்துக்கு வந்ததும் நாடுகடத்தலாய், போனதும் நாடுகடத்தலாய் அமைந்துவிட்டது.

"கங்காரு" என்பது அவரை ஏற்றிச்சென்ற கப்பலின் பெயர். சிட்னியிலிருந்து 73ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தோரை இலங்கையில் இறக்கிவிட்டுத் திரும்பிய கப்பல் அது. ஈவ் என்று பதியப்பட்ட அவருடைய சிங்கள மனைவியும் பிள்ளைகளும் கூடவே போனார்கள். அவுஸ்திரேலியாவுக்குச் சென்ற முதல் இலங்கைக் குடும்பம் என்று இன்று குறிப்பிடப்படுவது இந்தக் கைதியின் குடும்பந்தான். பிற்காலத்தில் அவர் மொழிபெயர்ப்பாளரானார். அவுஸ்திரேலியாவின் வடகரையில் பிரித்தானியர் அமைத்த காவற்குடியேற்றத்துக்கு, கடலட்டை பிடிக்க மக்காசாரிலிருந்து மீனவர் வருவது வழக்கம். அவர்களோடு மலாய்மொழியில் பேச ஆள் தேவைப்பட்டது. அட்டை பிடிப்பவர்களுக்கும் அதிகாரிக்கும் இடையே நின்று பேசும் தொழில் எவ்வளவு வில்லங்கமானது என்பதை எங்கள் கரையோர வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவருடைய பெயரைக் கவனியுங்கள். ஓடீன் என்பதை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதி, அயர்லாந்துக்காரரின் பெயர்போல ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கொள்ளுப்பேரன் புறப்பட்டால் அவன் டப்ளினுக்குப் போய்த் தேடுவான், கொழும்புக்கு வரமாட்டான்.

அதே 1816இல்தான் ஸ்ரீ விக்கிரமராசசிங்கனும் கப்பலேற்றப்பட்டு, தமிழ்நாட்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்டான். அரசனைப் பற்றி நூல்கள் உண்டு, நாடகங்கள் உண்டு. மேளக்காரர் பெயரை எமது பாடப்புத்தகத்தில் நான் படித்ததில்லை.

தமிழ்நாட்டின் பக்கம் பார்த்தாலும் இந்தப் பாரபட்சம் தெரியும். 1801இல் மருதுபாண்டியரைத் தூக்கிலிட்ட பின்னர், 1802 பெப்ரவரியில் எழுபதுக்கு மேற்பட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தினார்கள். சின்னமருதுவின் மகன் துரைசாமி அவர்களில் ஒருவர், சிறுவர். அவர்களைக் காவல் செய்த ஆங்கில அதிகாரி வெல்ஷ். முன்பு அதே சின்னமருதுவிடம் வளரி எறியப் பழகியவர். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, உருக்குலைந்த முதியவர்போலத் தோன்றிய ஒருவர் அவரைத் தேடிவந்தார். யாரென்று விளங்கவில்லை. பெயரைச் சொன்ன பின்னரே தெரிந்தது: துரைசாமி. வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருக்கும். 1830இல் வெளியான தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் இதை எழுதி வைத்திராவிட்டால், அந்த முகம் எமக்குக் கிடைத்திராது.

துரைசாமியை முன்னோன் என்று சொல்ல இன்று எவரும் கூசமாட்டார்கள். 1908இல் வ.உ.சிதம்பரம்பிள்ளைக்குத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது அவர் புகழைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. ஆனால் தீவாந்தரம் போன கப்பல்களிலே வீரர்கள் சிலர். சில்லறைக் குற்றவாளிகள் பலர். அந்தப் பலரின் பேரப்பிள்ளைகள் எங்கே?

பதில் சிங்கப்பூரில் இருக்கிறது என்பேன். 1825 முதல் இந்தியக் கைதிகள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். வீதி வெட்டினார்கள், வாய்க்கால் தோண்டினார்கள், செங்கல் சுட்டார்கள். 1862இல் அர்ச்சிக்கப்பட்ட புனித அந்திரேயர் பேராலயம் அவர்களுடைய கைவேலை. அதன் சுவர்ப்பூச்சுக்குச் சென்னைச் சுண்ணாம்பு என்று பெயர். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய்ப் பொச்சுமட்டை ஊறிய தண்ணீர்விட்டுக் குழைப்பார்கள் என்று, கைதிகளுக்குப் பொறுப்பாயிருந்த மக்நயர் என்ற அதிகாரி எழுதியிருக்கிறார். தென்னஞ்சோலைகளின் நடுவே வாழும் தென்மராட்சியாருக்கு அந்த மட்டைத்தண்ணீரின் மணம் தெரியும். அந்தப் பேராலயத்தின் வெண்மைக்குள்ளே அது இருக்கிறது. 1873இல் கைதி முறை அங்கு முடிவுற்றபோது பலர் மன்னிப்புப் பெற்று, அங்கேயே கடை வைத்து, மாடு வளர்த்து, ஊரோடு கலந்துவிட்டார்கள். வங்காளத்தில் 1797ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுட்கைதிகளின் நெற்றியிலே குற்றத்தைப் பச்சைகுத்தும் வழக்கம் 1849வரை இருந்தது. தலைப்பாகையைத் தாழக் கட்டி அதை மறைத்துக்கொண்டவர்களும் உண்டு. நெற்றியில் எழுதியதையே மறைத்தவர்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்களா?

இனி என் குடும்பக் கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் "மலாக்காவுக்குப் போனவர்" என்று ஒருவரைப் பற்றிப் பேச்சு உண்டு. ஆச்சியின் பேரனாருக்குச் சிறிய தகப்பன் முறையானவர். மலாயாவுக்கு முதன்முதலில் உத்தியோகம் பார்க்கப் போன யாழ்ப்பாணத்தார்களில் அவரும் ஒருவர் என்று சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நானும் பலரிடம் அப்படியே பெருமையடித்திருக்கிறேன்.

எங்கள் உறுதிப்பெட்டி பல இடம் கண்ட பெட்டி. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சிமீது போர் கவிந்து சனம் இடம்பெயர்ந்தபோது, நகையைவிட முந்தித் தூக்கியது அதைத்தான். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, பெட்டி இருந்தது. மாப்பிள்ளை வந்துபோன கிழமை அதைத் திறந்து, பழைய உறுதிகளை ஒவ்வொன்றாய் வாசித்தேன். 1861ஆம் ஆண்டு உறுதி ஒன்றில், பங்கு பிரிக்கும் சகோதரர்களுக்குள்ளே ஒருவர் "தேசாந்தரம் போய்விட்டபடியால்" அவருடைய பங்கை மற்றவர்கள் எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தது. பெயரை மட்டும் பூச்சி அரித்திருந்தது.

1861! மலாயாவின் முதற் புகையிரதப்பாதை, தைப்பிங்கிலிருந்து, திறக்கப்பட்டது 1885இல். அதை அமைக்க இலங்கையிலிருந்து தொழிற்படை போனது. யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்களும் நிலைய அதிபர்களும் திரளாகப் போனது அதை ஒட்டித்தான். அதற்குக் கால் நூற்றாண்டு முந்தி, கச்சேரி உத்தியோகமும் இல்லாத ஒரு கமக்காரன் மலாக்காவுக்கு எதற்குப் போவான்? அந்தக் காலத்தில் இலங்கை அரசாங்கம் ஆட்களை மலாக்காவுக்கு அனுப்பிய ஒரு வழி எனக்குத் தெரியும். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அரசனாக முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டாவுக்கு மரணதண்டனையைக் குறைத்து, நூறு கசையடி கொடுத்து அனுப்பியது அங்கேதான். 1849இல் அவர் அங்கேயே இறந்தார்.

ஒரு மாதம் இதை மனத்துக்குள் வைத்திருந்தேன். பிறகு ஆச்சியிடம் போனேன். முதலில் என் மொழிபெயர்ப்பைத் திருத்தினேன். மருமகனின் முன்னோர் வியாபாரியல்ல, ஆடு களவெடுத்து நாடு கடத்தப்பட்டவர் என்றேன். ஆச்சி திடுக்கிடவில்லை.

"ஒரு ஆட்டுக்கோ? ஒரு ஆட்டுக்கு அவ்வளவு தூரமோ?" என்றார். பிறகு கேட்டார்: "அதை அந்தப் பிள்ளை சிரிச்சுக்கொண்டெல்லோ காட்டினது?"

"ஓம் ஆச்சி. அவைக்கு அது பெருமை."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். முற்றத்தில் தேங்காய் விழுந்த சத்தம் கேட்டது. நான் மலாக்காவுக்குப் போனவரைப் பற்றி மெல்லத் தொடங்கினேன். உறுதியில் கண்டதைச் சொன்னேன். ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்கட பேத்தி செத்த வருசந்தான் எனக்குச் சொன்னவ. வெளியிலை வாய் திறக்கக்கூடாதெண்டு கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினவ. உத்தியோகமும் இல்லை ஒண்டும் இல்லை. மாடு. ஆற்றையோ சோடி மாடு. பிடிக்கப்போன விதானையாற்றை ஆளை மண்வெட்டிப் பிடியாலை அடிச்சுப்போட்டார். அடிபட்ட மனிசன் செத்துப்போச்சு. இவரைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கப்பலிலை ஏத்தினது. பெஞ்சாதி பிள்ளைத்தாச்சி."

"அவற்றை பெயர் என்ன ஆச்சி?"

சொன்னார். அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தில் அதன்பின் ஒருவருக்கும் வைக்கப்படவில்லை. கனடாவிலிருக்கும் மருமகன் ஒருவன் எங்கள் வம்சாவளியைப் பெரிய தாளில் மரம்போல வரைந்து அனுப்பியிருந்தான். அதில் அந்தக் கிளையை எங்கே சேர்ப்பது என்று நான் விரித்துப் பார்த்துக்கொண்டிருக்க, ஆச்சி இன்னும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர்க் குடியேற்றங்களின் பழைய ஏடுகள் சிங்கப்பூர்ச் சுவடிகள் நிலையத்திலும் லண்டன் பிரித்தானிய நூலகத்திலும் இருக்கின்றன என்று சொல்லியிருந்தேன். அது அவர் மனத்தில் தங்கிவிட்டது.

"தம்பி, மருமோன்ர கடதாசியிலை ஆளின்ரை உயரமும் கிடந்ததெண்டனி."

"ஓம் ஆச்சி."

"எங்கட அவர் நல்ல உயரமாம். வாசல் நிலையிலை தலை இடிக்குமாம், பேத்தி சொல்லுவா. அங்கத்தைக் கொப்பியிலையும் அது எழுதியிருக்குமோ? ஒருக்காப் பாப்பியே?"